ஆட்டம் என்270, 1 ஜிபி ரேம் நெட்புக்கில் புதிய இயங்குதளம்: எதைப் போடலாம், எப்படிப் போடுவது?

மடிப்பலகை:

வணக்கம். கையில் இருப்பது 10.1 அங்குல நெட்புக். இன்டெல் ஆட்டம் என்270, 1.6 கிகாஹெர்ட்ஸ், 1 ஜிபி டிடிஆர்2 ரேம், ஒரே ஒரு ஸ்லாட், 160 ஜிபி சாட்டா ஹார்ட்டிஸ்க், ஜிஎம்ஏ 950 கிராஃபிக்ஸ், திரை 1024×600. இப்போது அதில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறது.

64 பிட் லினக்ஸ் ஐஎஸ்ஓ ஒன்றைப் பென்டிரைவில் எழுதிப் பூட் செய்தால், இந்தக் கர்னலுக்கு எக்ஸ்86-64 சிபியூ வேண்டும், இங்கே ஐ686தான் இருக்கிறது என்ற செய்தியோடு நின்றுவிடுகிறது. தமிழில் தட்டச்சு, பிடிஎஃப் படிப்பது, பாட்டு, கொஞ்சம் இணையம் — இவ்வளவுதான் தேவை.

கேட்க வேண்டியவை: 32 பிட் விண்டோஸ் 10 போடலாமா? லினக்ஸ் என்றால் எது? செலவு செய்வதானால் முதலில் ரேமா, எஸ்எஸ்டியா?

---

கர்னல்காரன்:

அந்தச் செய்தி சொல்வது சரிதான். என்270இல் 64 பிட் கிடையாது. பயாஸில் மறைந்திருக்கும் அமைப்பு ஒன்றைத் திறந்தால் வந்துவிடும் என்று சிலர் எழுதுவார்கள். சில்லிலேயே இல்லாததை எதுவும் கொண்டுவராது. லினக்ஸில் எல்எஸ்சிபியூ கட்டளை கொடுத்தால் வரும் ஃப்ளாக்ஸ் வரிசையில் 'எல்எம்' என்ற இரண்டெழுத்து இருந்தால் 64 பிட், இல்லையென்றால் இல்லை. இதே உருவத்தில் பின்னால் வந்த என்450, என்455 சிபியூக்களில் 64 பிட் உண்டு. அவை வைத்திருப்பவர்கள் இந்த இழையை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

விண்டோஸ் 10 பற்றி: நிறுவ முடியும். அது கேட்கும் பிஏஇ, என்எக்ஸ், எஸ்எஸ்இ2 என்ற சிபியூ வசதிகள் மூன்றும் என்270இல் உண்டு. ஆனால் ஜிஎம்ஏ 950க்கு விண்டோஸ் 10 டிரைவரை இன்டெல் வெளியிடவில்லை. 1 ஜிபி ரேமில் பின்னணி வேலைகளே ஹார்ட்டிஸ்கை விடாமல் உருட்டிக்கொண்டிருக்கும். வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தன. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே இல்லை. ஆகவே அந்த வழி வேண்டாம்.

லினக்ஸிலும் 32 பிட்டுக்கான இடம் சுருங்கிவிட்டது. உபுண்டு 32 பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ தருவதை 17.10இலேயே நிறுத்தியது. டெபியன் 13இல், அதாவது 2025 ஆகஸ்டில் வந்த டிரிக்ஸியில், ஐ386க்கு (32 பிட் பிசிக்கு டெபியன் வைத்த பெயர்) இன்ஸ்டாலரும் இல்லை, இயங்குதளத்தின் மையமான கர்னலும் இல்லை. 64 பிட் கணினியில் பழைய 32 பிட் நிரல்களை ஓட்டுவதற்காக மட்டுமே அந்தப் பேக்கேஜ்களை வைத்திருக்கிறார்கள். எனவே உங்களுக்கு டெபியன் 12 புக்வார்ம், ஐ386 நெட்இன்ஸ்ட் (அடிப்படை மட்டும் உள்ள சிறிய) ஐஎஸ்ஓ. நீண்டகால ஆதரவோடு சேர்த்து 2028 ஜூன் வரை ஓடும். டெபியன் தளத்தின் முகப்பில் இது கண்ணில் படாது. பழைய வெளியீடுகளின் காப்பகத்தில் 12 என்று தொடங்கும் கோப்புறைகளில் கடைசி எண் உள்ளதை எடுங்கள். எல்லாம் முன்கூட்டியே அமைக்கப்பட்டதாக வேண்டுமென்றால் ஆன்டிஎக்ஸ் 23இன் 32 பிட் பதிப்பு. அதுவும் டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்டதுதான். ஐஸ்டபிள்யூஎம் ஜன்னல் மேலாளரோடு வருவதால் 1 ஜிபியில் மூச்சுத் திணறாது.

டெபியன் வழியைச் சொல்கிறேன்.

முதலில் எக்ஸ்பியிலிருந்து வேண்டிய கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். "முழு டிஸ்கையும் பயன்படுத்து" என்று கொடுத்தால் தயாரிப்பாளர் வைத்த மீட்புப் பார்ட்டிஷனும் சேர்ந்தே போய்விடும். பிறகு டிஸ்கின் உடல்நிலை. ஏதாவது 32 பிட் லைவ் பென்டிரைவில் பூட் செய்து ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டிப் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டர், கரன்ட் பெண்டிங் செக்டர் இரண்டும் சுழியாக இருக்க வேண்டும். பெண்டிங்கில் எண் இருந்தால் அந்த டிஸ்கில் நிறுவவே வேண்டாம். இன்ஸ்டாலர் பாதியில் உறைந்தது என்று வரும் புகார்களில் நிறைய, டிஸ்க் படிக்க முடியாமல் திணறுவதுதான்.

ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ256 தொகையைச் சரிபார்த்துவிட்டுப் பென்டிரைவில் எழுதுங்கள். விண்டோஸில் ரூஃபஸ் என்றால் அது கேட்கும்போது 'டிடி' முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸில் டிடி கட்டளை என்றால் இலக்கு முழுச் சாதனம், அதாவது /டெவ்/எஸ்டிபி, எஸ்டிபி1 அல்ல. பார்ட்டிஷனில் எழுதினால் பூட்டே ஆகாது. கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் முறையில் எழுதினால், பூட் ஆகி, நடுவழியில் நிறுவல் ஊடகம் கிடைக்கவில்லை என்று நின்றுவிட வாய்ப்புண்டு.

நெட்புக் காலத்து பயாஸ்களில் ஒரு வழக்கம்: பென்டிரைவை 'ரிமூவபிள்' பட்டியலில் காட்டாமல் 'ஹார்ட் டிஸ்க் டிரைவ்ஸ்' என்ற உள்பட்டியலில் இரண்டாவது டிஸ்காகக் காட்டும். பென்டிரைவைச் செருகிய நிலையில் பயாஸுக்குள் போய், அந்த உள்பட்டியலில் அதை முதலிடத்துக்கு ஏற்றுங்கள். அசுஸ் ஈபிசி மாதிரிகளில் 'பூட் பூஸ்டர்' இயங்கிக்கொண்டிருந்தால் எஃப்2, எஸ்கேப் இரண்டையும் கவனிக்காமலே தாண்டிப் போகும். ஒருமுறை உள்ளே போய் அதை அணைத்துவிட வேண்டும்.

இன்ஸ்டாலரில் வரைகலைப் பதிப்பைத் தொடாதீர்கள், 'இன்ஸ்டால்' என்ற எழுத்துமுறைப் பதிப்பு போதும். நினைவகமும் மிச்சம், 600 புள்ளி உயரத்தில் பொத்தான் கீழே ஒளிந்துகொள்ளும் தொல்லையும் இல்லை. ரூட் கடவுச்சொல்லை வெற்றாக விடுங்கள்; அப்போதுதான் உங்கள் பயனர் கணக்குக்கு, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ தானாகக் கிடைக்கும். பார்ட்டிஷன் ஒன்றே போதும், எக்ஸ்ட்4. தனி ஹோம் பார்ட்டிஷனால் இங்கே ஆதாயம் இல்லை. பார்ட்டிஷன் அட்டவணை எம்பிஆராகவே இருக்கட்டும். புதிய வகையான ஜிபிடி வைத்தால், பூட் செய்யும் நிரலான கிரப்புக்கென்று 1 எம்பி அளவில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் தனியாக வேண்டும். ரேம் நிரம்பும்போது டிஸ்கில் பயன்படும் இடமான ஸ்வாப் 1 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள்.

கர்னல் தேர்வு கேட்டால் 686-பிஏஇ. ரேம் 4 ஜிபிக்குக் கீழேதானே, பிஏஇ எதற்கு என்று தோன்றும். நினைவகத்தின் தரவுப் பகுதியில் நிரல் ஓடாமல் தடுக்கும் என்எக்ஸ் பாதுகாப்பு, பிஏஇ இருந்தால்தான் வேலை செய்யும்.

முக்கியமான திரை 'மென்பொருள் தேர்வு'. அங்கே டெஸ்க்டாப், க்னோம் இரண்டிலும் உள்ள குறியை எடுத்துவிட்டு 'ஸ்டாண்டர்ட் சிஸ்டம் யுடிலிடீஸ்' மட்டும் விடுங்கள். கவனிக்காமல் என்டர் அடித்தால் க்னோம் இறங்கிவிடும். அது இந்த இயந்திரத்துக்கு ஆகவே ஆகாது. முதல் பூட் கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். உள்ளே போய், பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஏபிடி மூலம் எக்ஸ்ஆர்க் (வரைகலைத் திரை), லைட்டிஎம் (லாகின் திரை), ஐஸ்டபிள்யூஎம், பிசிமேன்எஃப்எம் (கோப்பு மேலாளர்) ஆகியவற்றை நிறுவுங்கள். கூடவே '--நோ-இன்ஸ்டால்-ரெகமண்ட்ஸ்' சேர்த்தால் பரிந்துரைப் பேக்கேஜ்கள் வால்பிடித்து வராது. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி இரண்டும் ஓடும், ஆனால் 2 ஜிபி ரேம் போட்ட பிறகு.

இன்னொன்று. சிபியூ பாதுகாப்புத் தணிப்புகளை அணைத்தால் வேகம் கூடும் என்று 'மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்' போடச் சொல்வார்கள். என்270 கட்டளைகளை வரிசை மாற்றாமல், ஊக அடிப்படையில் முன்னோடாமல் செயல்படுத்தும் சிபியூ. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் இரண்டும் அதைத் தொடுவதில்லை என்று கர்னலே விலக்கி வைத்திருக்கிறது. அணைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

---

வெள்ளித்திருகு:

வன்பொருள் கேள்விக்கு என் பதில்: முதலில் ரேம்.

எஸ்எஸ்டி போட்டால் பூட் நேரம் குறையும், நிரல்கள் சட்டென்று திறக்கும். ஆனால் 1 ஜிபியில் உலாவி திறந்ததும் ஸ்வாப் தொடங்கிவிடும். எஸ்எஸ்டி அந்தத் தவிப்பைக் குறைக்குமே தவிர நீக்காது. 945ஜிஎஸ்இ சிப்செட் தாங்குவது அதிகபட்சம் 2 ஜிபி. உங்களுக்கு ஒரே ஸ்லாட் என்பதால் 2 ஜிபி ஒற்றைப் பலகை, 200 பின் எஸ்ஓடிம், டிடிஆர்2. 667 என்று எழுதியிருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம், தானாக 533க்கு இறங்கி ஓடும். 4 ஜிபி பலகை போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். டிடிஆர்3 பலகை 204 பின். வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் உட்காராது, அழுத்திப் பார்க்க வேண்டாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சில மாதிரிகளில் 512 எம்பி மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும், அதில் 1 ஜிபி பலகை சேர்த்து 1.5 ஜிபிதான் உச்சம். வாங்கும் முன் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பலகை 30 டிகிரி சாய்வில் உள்ளே போக வேண்டும். தங்கப் பற்கள் ஏறக்குறைய முழுக்க மறைந்த பிறகுதான் கீழே அழுத்தி இரு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழ வேண்டும். பாதி நுழைந்த நிலையில் அழுத்தினால் கொக்கி விழுந்தது போலத் தெரியும், ரேம் மட்டும் தெரியாது. போட்டதும் மெம்டெஸ்ட்86+ஐ ஒரு முழுச் சுற்றாவது ஓட விடுங்கள். பழைய டிடிஆர்2 பலகைகளில் பழுது அரிதல்ல. ஒரு பிட் தவறினாலும் நிறுவலின்போது பேக்கேஜ் சிதைந்தது என்று பிழை வரும், குற்றம் பென்டிரைவ் மேல் விழும்.

எஸ்எஸ்டி இரண்டாவது. ஐசிஎச்7-எம் தருவது சாட்டா முதல் தலைமுறை, விநாடிக்கு 1.5 கிகாபிட். வேகமான எஸ்எஸ்டிக்குக் கூடுதல் பணம் கொடுத்துப் பயனில்லை, எந்த 2.5 அங்குல எஸ்எஸ்டியும் போதும். கிடைக்கும் ஆதாயம் சிறுசிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் வேகத்தில்தான். எஸ்எஸ்டி 7 மிமீ தடிமன், பழைய டிஸ்க் 9.5 மிமீ, இடைவெளிக்குப் பிளாஸ்டிக் சட்டம் வைக்காவிட்டால் கனெக்டர் மேல் பாரம் விழும். நிறுவிய பின், அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் எஃப்எஸ்டிரிம்.டைமர் சேவை இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்த கையோடு பயாஸ் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். சிஆர்2032தான், ஆனால் பல நெட்புக்குகளில் ஒயரோடு உறையிட்டு இருக்கும். அதே இரண்டு பின் கனெக்டர் உள்ளதாக வாங்க வேண்டும்.

---

மடிப்பலகை:

மிக்க நன்றி. 2 ஜிபி ரேம் போட்டாயிற்று, மெம்டெஸ்டில் பிழை இல்லை. டெபியன் 12 நிறுவிவிட்டேன், ஆனால் வலையமைப்பு இல்லாமல், அடிப்படை மட்டும். இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, வைஃபை காட்டவே இல்லை. எல்எஸ்பிசிஐயில் பிராட்காம் பிசிஎம்4312 என்று வருகிறது, எண் 14இ4:4315. கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் பி43 டிரைவர், 'யூகோட்15' என்ற ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்கிறது. டெபியன் 12 இன்ஸ்டாலரில் ஃபர்ம்வேர் எல்லாம் சேர்ந்தே வருகிறது என்று படித்திருந்தேனே?

இரண்டு, போனை யூஎஸ்பியில் இணைத்து ஏபிடி அப்டேட் கொடுத்தால் 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று மறுக்கிறது. பயாஸ் பேட்டரி இன்னும் மாற்றவில்லை.

---

கர்னல்காரன்:

இரண்டாவதை முதலில் தீர்க்க வேண்டும், அது தீராமல் ஒரு பேக்கேஜும் இறங்காது. டேட் என்று அடித்துப் பாருங்கள். பல ஆண்டு பின்னால் காட்டும். களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பில் அது உருவான தேதி இருக்கிறது. உங்கள் கடிகாரத்தின்படி அது எதிர்காலத்தில் எழுதப்பட்ட கோப்பு, அதனால் ஏபிடி நம்ப மறுக்கிறது. எச்டிடிபிஎஸ் தளங்களின் சான்றிதழ்களும் இதே காரணத்தால் செல்லாதவையாகத் தெரியும். இணையமே உடைந்துவிட்டது என்று எண்ணிப் பலர் மறுபடி நிறுவப் போவது இந்த இடத்தில்தான். 'சூடோ டேட் -எஸ்' கொடுத்து இன்றைய தேதி, நேரத்தை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். பிறகு 'சூடோ எச்டபிள்யூகிளாக் -டபிள்யூ' கொடுத்தால் அது வன்பொருள் கடிகாரத்துக்கும் போகும். பேட்டரி மாற்றும்வரை சார்ஜரும் பெரிய பேட்டரியும் இல்லாமல் வைத்தால் மறுபடி அழிந்துவிடும்.

வைஃபை: நீங்கள் படித்தது சரி, ஆனால் பிராட்காமின் இந்தச் சில்லு விதிவிலக்கு. அதன் ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய அனுமதி இல்லாததால் டெபியன் அதை ஐஎஸ்ஓவில் சேர்க்க முடியாது. 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' என்ற பேக்கேஜ் பிராட்காமின் டிரைவர் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, பி43-எஃப்டபிள்யூகட்டர் கொண்டு அதிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுத்து வைக்கும். ஆகவே அதை நிறுவும் நேரத்தில் வேறொரு வழியில் இணையம் இருந்தே ஆக வேண்டும். உங்கள் யூஎஸ்பி இணைப்பு போதும்.

இந்தப் பேக்கேஜ் 'கான்ட்ரிப்' பிரிவில் இருக்கிறது. /இடிசி/ஏபிடி/சோர்ஸஸ்.லிஸ்ட் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியிலும் 'மெயின்' என்பதை அடுத்துக் கான்ட்ரிப் என்ற சொல்லைச் சேருங்கள். ஏபிடி அப்டேட், பிறகு பேக்கேஜை இன்ஸ்டால் செய்யுங்கள். மறுதொடக்கம் தேவையில்லை: 'மாட்புரோப் -ஆர் பி43', அடுத்து 'மாட்புரோப் பி43'. ஐபி லிங்க் கொடுத்தால் புதிய வைஃபை இடைமுகம் தெரிய வேண்டும். தெரிந்தும் இயங்காவிட்டால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' பாருங்கள். 'ஹார்ட் பிளாக்டு: யெஸ்' என்றால் பக்கவாட்டில் உள்ள வைஃபை சுவிட்ச் அணைந்திருக்கிறது, மென்பொருளால் அதைத் திறக்க முடியாது.

ரவுட்டர் பக்கமும் பாருங்கள். இந்தச் சில்லு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மட்டும்தான் பேசும். ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பெயர் தெரிந்தும் இணையாது, டபிள்யூபிஏ2வும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றுங்கள்.

---

எழுத்தாணி:

நிறுவியாயிற்று, இனி அன்றாடப் புழக்கம். இந்த இயந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கப்போவது இயங்குதளம் அல்ல, உலாவி. அதைத் தெரிந்துகொண்டு எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யுங்கள்.

குரோம் 32 பிட் லினக்ஸை 2016 மார்ச்சிலேயே கைவிட்டது. மொசில்லா 32 பிட் லினக்ஸுக்கான ஃபயர்ஃபாக்ஸை 144ஆம் பதிப்போடு நிறுத்தியது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆர் 140 கிளைக்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தது. அதாவது டெபியன் 12க்கு 2028 வரை ஆயுள் இருந்தாலும், முழு அளவு உலாவிக்கு மொசில்லா தரும் உத்தரவாதம் அதற்கு முன்பே முடிகிறது. இதனால் வங்கிக் கணக்கு, முக்கிய மின்னஞ்சல் ஆகியவற்றை இந்த நெட்புக்கில் திறக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எழுத்து, வாசிப்பு, இசை மூன்றுக்கும் உலாவியே தேவையில்லை, அவற்றுக்கு இது இன்னும் நல்ல கருவி.

இப்போதைக்கு ஃபயர்ஃபாக்ஸ்-இஎஸ்ஆர் நிறுவி, விளம்பரத் தடுப்பு நீட்சியான யூபிளாக் ஆரிஜின் சேருங்கள். விளம்பரம் தடுப்பது மட்டுமல்ல, ஒற்றை மையச் சிபியூவில் விளம்பர ஸ்கிரிப்ட்கள் தின்னும் நேரமே பாதி. முகவரிப் பட்டையில் 'அபவுட்:அன்லோட்ஸ்' என்று அடித்தால், திறந்திருக்கும் தாவல்களை மூடாமலே நினைவகத்திலிருந்து இறக்கிவைக்கும் பொத்தான் வரும்.

வீடியோ: ஜிஎம்ஏ 950இல் எச்.264 வன்பொருள் டிகோடர் கிடையாது, எல்லாமே சிபியூவின் தலையில். எம்பிவி என்ற வீடியோ பிளேயரில் 480 வரிசை எச்.264 கோப்பு பெரும்பாலும் ஓடும். விபி9, ஏவி1 வகை வீடியோக்கள் தடுமாறும். உலாவிக்குள் பார்ப்பதைவிடக் கோப்பாக வைத்து எம்பிவியில் பார்ப்பது எப்போதும் மேல்.

நினைவகம்: 2 ஜிபி போட்டுவிட்டாலும், ரேமின் ஒரு பகுதியையே சுருக்கிய ஸ்வாப்பாக மாற்றும் இசட்ரேம் வைத்துக்கொள்ளுங்கள். இசட்ரேம்-டூல்ஸ் பேக்கேஜை நிறுவி, /இடிசி/டீஃபால்ட்/இசட்ரேம்ஸ்வாப் கோப்பில் ஆல்கோ என்பதை எல்இசட்4 என்றும், பெர்சென்ட் என்பதை 50 என்றும் வையுங்கள். இசட்எஸ்டிடி இன்னும் இறுக்கமாகச் சுருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சுருக்கத்துக்கு ஆட்டம் கொடுக்கும் விலை அதிகம், சுட்டியே விக்கி விக்கி நகரும். டிஸ்க் ஸ்வாப்பின் முன்னுரிமை இசட்ரேமைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். 'ஸ்வாப்ஆன் --ஷோ' கொடுத்தால் இரண்டின் எண்ணும் தெரியும். அப்போதுதான் டிஸ்கைத் தொடும் முன் இசட்ரேமை நிரப்பும். விஎம்.ஸ்வாப்பினெஸ் மதிப்பை 100 ஆக்கினால் கர்னல் இசட்ரேமைக் கூடுதலாகப் பயன்படுத்தும்.

தமிழ்: ஃபான்ட்ஸ்-லோகித்-டிஏஎம்எல் பேக்கேஜ், எழுத்துரு கட்டமாகத் தெரிவதைத் தீர்க்கும். தட்டச்சுக்கு இரண்டு வழி. விசைப்பலகை அமைப்பிலேயே 'தமிழ்நெட் 99' இருக்கிறது, கூடுதல் நிரல் எதுவும் வேண்டாம், நினைவகமும் எடுக்காது. ஆனால் அது விசைக்கு ஓர் எழுத்து என்ற அளவில்தான் இயங்கும். அதே மெய்யை அடுத்தடுத்து இருமுறை அடித்தால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி வைப்பது போன்ற தமிழ்99 விதிகள் அங்கே வேலை செய்யாது. அந்தப் பழக்கம் உள்ளவர்கள் ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவித் தமிழ்99ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறைய எழுதுபவருக்கு இரண்டாவதே சரி, அதற்காகச் செலவாகும் நினைவகம் வீண்போகாது. ஆவணங்களுக்கு அபிவேர்ட், கணக்குக்கு நியூமெரிக், பிடிஎஃபுக்கு மியூபிடிஎஃப். லிப்ரெஆஃபிஸ் திறக்கும், காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

600 புள்ளி உயரத்தில் சில உரையாடல் பெட்டிகளின் 'சரி' பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும். ஆல்ட் விசையை அழுத்தியபடி பெட்டியின் எந்த இடத்தையும் சுட்டியால் பிடித்து மேலே இழுங்கள், தலைப்புப் பட்டை திரைக்கு வெளியே போனாலும் நகரும்.

---

மடிப்பலகை:

தேதி சரிசெய்ததும் ஏபிடி ஓடியது, ஃபர்ம்வேர் இறங்கி வைஃபை வந்துவிட்டது. ஐபஸ், இசட்ரேம் இரண்டும் இயங்குகின்றன. கடைசியாக ஒன்று: இங்கிருந்து டெபியன் 13க்கு அப்கிரேட் மட்டும் செய்ய முடியுமா? இன்ஸ்டாலர்தானே இல்லை, பேக்கேஜ்கள் இருக்கின்றனவே.

---

கர்னல்காரன்:

செய்யாதீர்கள். ஐ386 கணினிகளை டிரிக்ஸிக்கு ஏற்ற வேண்டாம் என்று டெபியனின் வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. கர்னல் பேக்கேஜ் அங்கே இல்லாததால் பழைய 6.1 கர்னலிலேயே தொங்குவீர்கள், அதற்கான திருத்தங்களும் அந்தக் களஞ்சியத்திலிருந்து வராது.

தெரியாமலே ஏறிவிடும் வழி ஒன்று உண்டு, அதை இன்றே அடைத்துவிடுங்கள். சோர்ஸஸ்.லிஸ்ட் கோப்பின் வரிகளில் வெளியீட்டின் பெயர் 'புக்வார்ம்' என்று இருக்க வேண்டும். 'ஸ்டேபிள்' என்று இருந்தால் அது இப்போது டிரிக்ஸியைக் குறிக்கும். அடுத்த முழு அப்கிரேடில் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் மாறத் தொடங்கிவிடும். புக்வார்ம், புக்வார்ம்-அப்டேட்ஸ், புக்வார்ம்-செக்யூரிட்டி மூன்று வரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நீங்கள் வலையமைப்பு இல்லாமல் நிறுவியதால் இவற்றில் சில விடுபட்டிருக்கலாம், ஐஎஸ்ஓவைக் குறிக்கும் 'சிடிராம்' வரியும் அங்கேயே இருக்கலாம். சிடிராம் வரியின் முன் ஒரு # போட்டுவிட்டு ஏபிடி அப்டேட் கொடுங்கள். செக்யூரிட்டி வரியும் 'ஹிட்' அல்லது 'கெட்' என்று வந்தால் சரியாக இருக்கிறது.